புது மண்ணில் பழைய தேதி

ஜமுனாமரத்தூர்,
11-6-1979

மணிக்கு,

வந்து சேர்ந்தேன். அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்தது தப்புதான். ஆனால் உன் அண்ணன் வீட்டுக் கூடத்தில், உன் அண்ணி குழம்புக் கரண்டியோடு நிற்கும்போது, வீடு எப்போது பார்க்கப் போகிறீர்கள் என்று நீ கேட்டதும் சரியில்லை. அதைத் தனியாகக் கேட்டிருக்கலாம். தனியாகக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை என்பாய். அதுவும் உண்மைதான். எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது, விடு.

நான் மலேரியா ஆபீசில் தற்காலிக ஆள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையை நீட்டித்து ஆர்டர் வரவேண்டும். இந்த முறை இன்னும் வரவில்லை. வேலையைப் பார் என்று வாயால் சொல்கிறார்கள், பார்க்கிறேன். இந்த நிலைமையில் செங்கத்தில் ஒரு வீட்டைப் பிடித்து உன்னைக் குடிவைத்துவிட்டு, அடுத்த மாதமே வேலை இல்லை என்று வந்து நின்றால் என்ன செய்வாய்? மறுபடி உன் அண்ணன் வீட்டுக்கே மூட்டை கட்டுவாயா? கொஞ்சம் பொறு. ஆர்டர் வரட்டும்.

மலை மேல் அப்படி என்னதான் வேலை என்று கோபத்தில் கேட்டாய். பதில் சொல்கிறேன். ஊர் ஊராக நடக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று காய்ச்சல் உண்டா என்று கேட்கிறேன். உண்டு என்றால் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு, மாத்திரை கொடுக்கிறேன். வந்து போனதற்கு அடையாளமாகக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நீலப் பென்சிலால் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறேன். அந்தச் சுவர்தான் எனக்குச் சாட்சி. மேலதிகாரி வந்தால் என்னைக் கேட்க மாட்டார், சுவரைத்தான் பார்ப்பார்.

இந்த வருஷம் நான் பார்க்கிற ஊர்களில் காய்ச்சலே இல்லை. காய்ச்சல் இல்லாத இடத்துக்கு ஆள் எதற்கு என்று ஆபீசில் பேச்சு. போன வாரம் மேல்காட்டூரில் பச்சையம்மா என்று ஓர் அம்மா, "எல்லாரும் சொகமா கீறோம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது கெட்ட சேதியாகப் பட்டது. இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

ராஜாக்கண்ணு


செங்கம்,
17-6-1979

மாமாவுக்கு மணி எழுதுவது.

கல்யாணமாகி மூன்று வருஷம். பித்தளைக் குடம் வாங்கலாம் என்றால் ஆர்டர் வரட்டும். திருவண்ணாமலைக்கு ஒரு தடவை போய்வரலாம் என்றால் ஆர்டர் வரட்டும். வயிற்றில் ஏதாவது உண்டா என்று உங்கள் அம்மா கேட்டபோதும் வாய் தவறி ஆர்டர் வரட்டும் என்றீர்கள். எந்த ஆபீசிலிருந்து என்று புரியாமல் அத்தை விழித்தார்கள். அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நானே மேலே வந்துவிடுகிறேன் என்றால், நாலு ஆண்கள் ஒரே அறையில் படுக்கிறோம், நீ எங்கே தங்குவாய் என்கிறீர்கள். இங்கே வீடு பார்க்கலாம் என்றால் சாப்பாட்டை விட்டு எழுந்து போகிறீர்கள். நான் எங்கேதான் இருப்பது? காசி அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. அண்ணியும் நேரே ஒன்றும் சொல்வதில்லை. நான் எண்ணெய் ஊற்றும்போது என் கையைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். போன வாரம் அடுத்த வீட்டுக்காரியிடம், "போன ஆடிக்கு வந்த நாத்தனாரு, இந்த ஆடியும் பொறக்கப் போவுது" என்றாள். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள், விழுந்தது.

அந்த அம்மா சுகமாக இருக்கிறோம் என்று சொன்னது கெட்ட சேதியாகப் பட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, படித்ததும் எனக்குப் பகீர் என்றது. ஊரார் நன்றாக இருந்தால் கலங்குகிற ஆளையா நான் கட்டிக்கொண்டேன்? ஆனாலும் கோபம் பாதி குறைந்ததும் அந்த வரியால்தான். மறைக்காமல் எழுதிவிட்டீர்கள். அப்படியே எழுதுங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு மாவு தீர்ந்திருக்கும், ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

மணியம்மாள்


செங்கம்,
15-7-1979

மாமாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது இரண்டு வரி எழுதக் கூடாதா? தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே என் கால் வாசலுக்குப் போய்விடுகிறது. அண்ணி பார்க்கிறாள் என்று, வெளியே துணி காய்கிறதா பார்ப்பதுபோல நிற்கிறேன்.

சந்தையில் மேல்காட்டூர்க்காரர்கள் புளி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். நீங்கள் எழுதிய பச்சையம்மா அக்காவே இருந்தார். "எங்க ஊசிக்காரரு சம்சாரமா நீ?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறீர்களாம். இளைத்திருக்கிறீர்களாம், தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கிறீர்களாம். என் புருஷன் எப்படி இருக்கிறார் என்று புளி விற்க வந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் எழுதியதில் எது சுட்டது என்று சொல்லுங்கள், மாற்றி எழுதுகிறேன்.

மணி


ஜமுனாமரத்தூர்,
3-8-1979

மணிக்கு,

எதுவும் சுடவில்லை. எழுத உட்கார்ந்தால் நல்ல சேதி ஒன்றாவது இருக்க வேண்டாமா என்று தோன்றும். நாளைக்கு இருக்கும், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வேறு ஒன்றும் இல்லை.

ஆடி பிறந்த கையோடு மேல்காட்டூரில் காய்ச்சல் வந்துவிட்டது. சேதி கேட்டு ஓடினேன். ஓடும்போது என் மனசு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. இனி வேலை நிலைக்கும் என்று. உள்ளே போய்ப் பார்த்தால், பச்சையம்மாவின் பேத்தி கம்பளிக்குள் கிடந்து நடுங்குகிறாள், பல் கிட்டுகிறது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது. மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து நானே ஊட்டினேன். இப்போது தேறிவிட்டாள்.

தொல்லை அதற்குப் பிறகுதான். காய்ச்சல் வந்தால் அந்த ஊரில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டுவார்கள். அதற்கு முன்னால் ஒரு வீடு விடாமல் செம்மண்ணும் சாணியும் குழைத்துச் சுவரை மெழுக வேண்டும். காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை வெளியாள் உள்ளே கால் வைக்கக் கூடாது. என் முறைக்கு நான் போனபோது ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி எல்லையிலேயே மறித்துவிட்டார். கோபித்துக்கொள்ளாதே என்று தன்மையாகத்தான் சொன்னார். மாத்திரைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

காப்பு அவிழ்த்த மறுநாள் போய்ப் பார்க்கிறேன், ஊரே புதுச் சிவப்பாக இருக்கிறது. என் தேதி ஒன்றுகூட இல்லை. தையிலிருந்து நான் ஏறி இறங்கியது அத்தனையும் மண்ணுக்கு அடியில் போய்விட்டது. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் ஆதிநாராயணன் வருகிறார். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர்தான் எழுதி அனுப்ப வேண்டும். சுவர் வெறுமையாக இருந்தால் நான் எட்டியே பார்க்கவில்லை என்றாகிவிடும்.

ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். நீ கவலைப்படாதே. உட்கார்ந்தால் மனசு எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து போய்விட்டால் சரியாகிவிடும்.

ராஜாக்கண்ணு


செங்கம்,
19-8-1979

மாமாவுக்கு,

வழி யோசித்திருக்கிறேன் என்று எழுதினீர்களே, அது என்ன வழி என்று இன்றைக்குச் சந்தையில் தெரிந்துகொண்டேன். பச்சையம்மா அக்கா என்னைக் கண்டதும் புளிக் கூடையை விட்டுவிட்டு ஓடிவந்து அழுதார். நான் மெழுகினதால்தானே வந்தது என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. புருஷன் வேலை தொங்குவது பெண்டாட்டிக்குத் தெரியாது, புளிக்காரிக்குத் தெரிகிறது.

அவர் வாசலில் நின்று கத்தினீர்களாமே. "யாரைக் கேட்டு மெழுகினீங்க? என் வேலையையே மெழுகிட்டீங்களே" என்று. பேத்திக்குத் தேனில் மாத்திரை குழைத்துக் கொடுத்த கையை ஓங்கிக்கொண்டு நின்றீர்களாம். பிறகு வீடு வீடாகப் போய் நீலப் பென்சிலால் தை மாதத்திலிருந்து எல்லாத் தேதியையும் புது மண்ணின் மேல் நீங்களே திரும்ப எழுதினீர்களாம். காப்புக் கட்டியிருந்த வாரத்துத் தேதியையும் சேர்த்து.

இன்ஸ்பெக்டர் சுவரைத் தடவிப் பார்த்தாராம். "சுவரு புதுசு. இதுல ஜனவரி மாசத்துத் தேதி எப்படிய்யா வந்துச்சு?" என்று கேட்டாராம். தீர்த்தகிரிக் கவுண்டர்தான், மாதம் தவறாமல் வருவார் என்று உங்களுக்காகப் பேசியிருக்கிறார். அப்படியானால் இந்தத் தேதியிலும் வந்தாரா என்று கடைசி வரியைக் காட்டி இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். "அன்னிக்கி வரலீங்க. நாந்தான் வேணாம்னு அனுப்பிச்சேன்" என்று கவுண்டர் உள்ளதைச் சொல்லிவிட்டார். சாமி காரியத்தில் அவர் பொய் சொல்வாரா? போகாத ஒரு நாளுக்காக, போன நாள் அத்தனையும் பொய்யாகிவிட்டது.

அந்த வழியை எனக்கு எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? மெழுகிவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். ஊரே சாட்சி சொல்லியிருக்கும். என்னிடம் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. கவலைப்படாதே என்று எழுதுகிறீர்கள். கவலைப்படாமல் இருக்க நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?

இப்போது வேலை என்ன ஆயிற்று? அதையாவது உங்கள் கையால் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மணி


ஜமுனாமரத்தூர்,
26-8-1979

மணிக்கு,

சந்தையில் நின்று கண்டவர்களிடமெல்லாம் என் ஆபீஸ் விஷயத்தைப் பேசுவதை முதலில் நிறுத்து. அவர்கள் ஒன்றைப் பத்தாகச் சொல்வார்கள். நீ அதைப் படித்த பெண்போல அப்படியே எழுதி எனக்கே அனுப்புகிறாய்.

ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் கொஞ்சம் சத்தம் போட்டார், உண்மைதான். பிறகு புரிந்துகொண்டார். எச்சரித்துவிட்டுப் போனார். நான் எப்போதும்போல வேலைக்குப் போய்வருகிறேன். முந்தாநாள்கூட மேல்காட்டூர் போய் நாலு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஆர்டர் கூடிய சீக்கிரம் வந்துவிடும் என்று ஆபீசில் சொல்கிறார்கள்.

மெழுகிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்கிறாய். அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆர்டரில் உன் பேர் இருக்கிறதா என்று கையைக் கட்டிக்கொண்டு நின்று பார், அப்போது நாக்கு எப்படிப் புரளுகிறது என்று தெரியும். நான் வேலை இல்லாமல் வந்து நின்றால் உன் அண்ணி என்ன சொல்வாள், அதற்கு நீ என்ன முகம் காட்டுவாய் என்றும் எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு வருகிறேன். அதுவரை இதைப் பற்றி எழுத வேண்டாம்.

ராஜாக்கண்ணு


செங்கம்,
5-9-1979

மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். கண்டவர்களிடம் பேசாதே என்றீர்கள், பேசினேன்.

மேல்காட்டூருக்குப் புது ஊசிக்காரர் வந்துவிட்டாராம். பச்சையம்மா அக்கா விரலைக் காட்டினார். நீங்கள் மென்மையாகக் குத்துவீர்களாம், இவர் முரடாம். நீங்கள் தீர்த்தகிரிக் கவுண்டர் சாமைக் கொல்லையில் களை எடுக்கிறீர்களாம், அவர் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுக்கிறீர்களாம். யார் சொன்ன உண்மையால் உங்கள் வேலை போயிற்றோ அவர் வீட்டிலேயே சோறு. அவர் உங்களுக்காக மனசு கஷ்டப்பட்டுச் சரியாகத் தூங்குவதுகூட இல்லையாம்.

எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நாலு பேருக்கு ரத்தம் எடுத்தேன் என்று எழுதினீர்களே, அதை எழுதும்போது உங்கள் கை களை எடுத்துக் காய்த்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். சந்தை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

நானும் ஒன்றைச் சொல்லவில்லை. ஆடியிலிருந்து மண்டிக்கு மல்லாட்டை பொறுக்கப் போகிறேன். சொத்தைக் கடலை தனி, நல்ல கடலை தனி. கை வேகம் வந்துவிட்டது. சொன்னால், பெண்டாட்டி கூலிக்குப் போகும்படி ஆயிற்றே என்று நாலு நாள் சோறு இறங்காது உங்களுக்கு. அதற்குப் பயந்துதான் மறைத்தேன். நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் பிடிக்கவில்லை. என்னுடையதும் பிடிக்கவில்லை.

நேற்று வீடு பிடித்துவிட்டேன். மண்டிக்குப் பின்தெருவில் ஒரே அறை, சின்னச் சமையல்கட்டு. வீட்டுக்கார அம்மா ராணியம்மாள், "வூட்டுக்காரரு இன்னா வேல பண்றாரு?" என்று கேட்டார். மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்குக் கவர்மெண்ட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டது. நாக்கு அந்தப் பக்கமே போயிற்று. இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இப்போ வேல இல்லீங்க. நான் மண்டிக்குப் போறேன்" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கொழாயில தண்ணி காலைல மட்டுந்தான் வரும். புடிச்சி வச்சிக்கணும்" என்றார். அவ்வளவுதான் மாமா. எந்தப் பதிலுக்குப் பயந்து நீங்கள் மலை மேலும் நான் அண்ணி வீட்டிலுமாகக் கிடந்தோமோ, அதற்கு அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஆவணி கடைசி வெள்ளி, பதினாலாம் தேதி, பால் காய்ச்சுகிறேன். அதுவரை அண்ணன் வீட்டில்தான் இருப்பேன். வருவதானால் இப்போது இருக்கிறபடியே வாருங்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டு வருகிறேன், அது கிடைக்கட்டும், இது முடியட்டும் என்று எழுதினால் அந்தக் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன். பால் நான் தனியாகவே காய்ச்சிக்கொள்வேன். அதற்கப்புறம் நீங்கள் பெரிய ஆர்டரோடு வந்து நின்றாலும் கதவைத் திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. மிரட்டுவதற்காக எழுதவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

மணியம்மாள்


(அஞ்சலட்டை)

மேல்காட்டூர்,
10-9-1979

மணிக்கு,

இதை வேண்டுமென்றே அட்டையில் எழுதுகிறேன். தபால்காரர் படிப்பார், காசி மச்சான் படிப்பார், உன் அண்ணியும் படிப்பார். படிக்கட்டும்.

எனக்கு வேலை போய்விட்டது. இன்ஸ்பெக்டர் வந்து போன மறுநாளே போய்விட்டது. போன கடிதத்தில் எழுதியது பொய். காப்புக் கட்டிய வாரம் போனதாகச் சுவரில் எழுதியதும் பொய். மற்றத் தேதிகள் உண்மை. இனி அதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நீ நம்பு.

பச்சையம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நல்ல வேளை, நீ வந்துவிட்டாய், இனி என் வாசலுக்கே வர மாட்டாயோ என்று பயந்துகொண்டிருந்தேன் என்று சொல்லி எனக்குக் களி கிண்டிப் போட்டார்.

கையில் ஒன்றும் இல்லாமல் உன் முன்னால் வந்து நிற்கப் பயமாக இருக்கிறது. எவ்வளவு பயம் என்று இந்த அட்டையில் எழுத முடியாது. ஆனாலும் வருகிறேன். வியாழக்கிழமை விடிந்ததும் மலையிறங்கி நடந்தே வருகிறேன்.

உன் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. நேரே நம் வீட்டுக்கு வருகிறேன். நீயும் அங்கே வந்துவிடு. அந்தத் தெரு எனக்குத் தெரியாது. மண்டியில் மல்லாட்டை பொறுக்குகிற மணியம்மாளின் புருஷன் நான், எங்கள் வீடு எது என்று கேட்டுக்கொண்டு வருகிறேன்.

ராஜாக்கண்ணு